பொறிவண்டும் ஒரு பையனும்: கோடை முகாமில் நான் படித்த பாடம்

போன பங்குனியில் எங்கள் வட்டார உழவர் குழுக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஏழு நாள் இயற்கை முகாம் நடத்தலாம். இடம் என்னுடைய தோட்டம். இயற்கைப் பாடம் சொல்லித்தர வேண்டியது நான். "நீங்கதானுங்க படிச்சவரு, ரிட்டயர் ஆகி சும்மாதான இருக்கறீங்க" என்றார் ஒரு நண்பர். நாலு ஏக்கரில் பண்ணையம் பார்க்கிறவனைப் பார்த்துச் சும்மா இருக்கிறீர்கள் என்று சொன்னது கொஞ்சம் சுட்டது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன்.

எங்கள் தோட்டம் ஈரோடு மாவட்டத்தில், கீழ்பவானிப் பாசனப் பகுதியில் இருக்கிறது. மே மாதம் வாய்க்காலில் தண்ணீர் இருக்காது. கிணற்றுத் தண்ணீரை வைத்துக் கொஞ்சம் கத்திரி, கொஞ்சம் தட்டைப்பயறு, வாழை, தென்னை. முகாமுக்கு வந்தவர்கள் 22 பிள்ளைகள். எட்டு வயது முதல் பதின்மூன்று வயது வரை. பதினாலு பேர் டவுனிலிருந்து வந்தவர்கள், எட்டுப் பேர் எங்கள் ஊரும் பக்கத்து ஊரும். அந்த ஏழு நாளில் நான் சொல்லிக் கொடுத்ததைவிடப் படித்துக்கொண்டது அதிகம். நம் இயக்கத்து நண்பர்கள் பலர் தங்கள் நிலத்தில் இப்படி முகாம் நடத்த நினைக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் செய்த ஒரு பிழையையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பெயர்ப் பட்டியல் தோற்றது

வங்கியில் 36 வருஷம் வேலை பார்த்த பழக்கம், எதையும் பட்டியல் போடாமல் தொடங்க மாட்டேன். தோட்டத்தில் உள்ள மரம், செடி, பூச்சி, பறவை என்று நாற்பது பெயர்களை எழுதி, அட்டையில் ஒட்டி, ஒவ்வொரு நாளும் ஆறு பெயர் என்று திட்டம் போட்டிருந்தேன். ஏழாம் நாள் தேர்வு, பரிசு எல்லாம் உண்டு.

முதல் நாள் காலை ஆறரை மணி. வேப்பமரத்தடியில் நின்று வேம்பு, புங்கன், பூவரசு என்று ஆரம்பித்தேன். முதல் பத்து நிமிஷம் பிள்ளைகள் கேட்டார்கள். பிறகு ஒருத்தன் கல்லை எத்தினான், இருவர் ரகசியம் பேசினார்கள். "தாத்தா, இதெல்லாம் எழுதிக்கணுமா?" என்று ஒரு பெண் கேட்டாள். அந்தக் கேள்வியில் எல்லாம் முடிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து தோட்டத்தில் வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. விடுமுறையில் வந்த பிள்ளைகளுக்கு மரத்தடி வகுப்பறையும் வகுப்பறைதான்.

அன்று சாயங்காலம் பட்டியலைத் திண்ணையில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு போனேன். மாட்டுக் கொட்டகைத் தாழ்வாரத்தில் மழை படாத புழுதி மண் உண்டு. அங்கே சின்னச் சின்னக் குழிகள், புனலைக் கவிழ்க்காமல் வைத்த மாதிரி. எங்கள் ஊர்ப் பையன் ஒருவன், ஐந்தாம் வகுப்பு முடித்தவன், உட்கார்ந்து ஓர் எறும்பைக் குழியின் விளிம்பில் விட்டான். எறும்பு சறுக்கியது. அடியிலிருந்து மண் தெறித்தது. எறும்பு மறுபடி சறுக்கியது. பிறகு காணோம். 22 பிள்ளைகளும் வட்டமாகக் குனிந்துவிட்டார்கள். யாரும் யாரையும் 'உஷ்' என்று சொல்லவில்லை.

குழிநரியை நம்மில் பலரும் சின்ன வயதில் பிடித்து விளையாடியிருப்போம். அது முழுதாய் வளர்ந்த பூச்சி இல்லை, ஒரு பூச்சியின் புழுப்பருவம். மண்ணையே உருண்டையாகக் கட்டிக் கூடு செய்து, அதற்குள் உருமாறி, தட்டான் மாதிரி நீண்ட இறக்கைகளோடு வெளியே வரும். தட்டான் இல்லை என்பதற்கு அடையாளம், தலையில் முனை தடித்த உணர்கொம்புகள் இருக்கும். எனக்கு இது தெரியும். வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அந்தப் பையனே கேட்டான்: "தாத்தா, இது எப்பவும் பின்னாடியேதான் நடக்குது. இது பெருசானா என்னாகும்?" நான் சொல்லவில்லை. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் அதே புழுதியைப் போட்டு இரண்டு குழிநரியை விட்டு வைத்தோம். பதில் அந்த ஏழு நாளில் வராது என்று எனக்குத் தெரியும். வராவிட்டாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

பிள்ளைகள்தான் ஆசிரியர்கள்

அன்றிரவு எனக்கு நினைவு வந்தவர் பிரான்ஸ் நாட்டுப் பூச்சியியலாளர் ழான் ஆன்றி ஃபாப்ர் (1823–1915). இருபது வயதை ஒட்டிய இளைஞராகப் பள்ளி ஆசிரியர் வேலை பார்த்தபோது, நில அளவை சொல்லிக் கொடுக்க மாணவர்களை வெட்டவெளிக்கு அழைத்துப் போனார். அளவுக்கோல் நடச் சொன்னால் பையன்கள் நடுவழியில் குனிந்து கல்லை எடுத்து, வைக்கோல் தாளால் எதையோ உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். பார்த்தால், கூழாங்கல்லில் மண்ணால் கூடு கட்டும் ஒரு காட்டுத் தேனீயின் தேன். அவர் அதட்டவில்லை. தானும் சேர்ந்து சுவைத்தார். அந்தத் தேனீயைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்துப் புத்தகம் வாங்கினார். அவரது பூச்சி ஆராய்ச்சிக்கு அது ஒரு முக்கியத் தொடக்கம்.

நம் நாட்டிலும் ஓர் உதாரணம் இருக்கிறது. சாலிம் அலி சின்னப் பையனாக இருந்தபோது, 1908 வாக்கில், விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு சிட்டைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு. இது என்ன குருவி என்று அவருடைய மாமாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பி வைத்தார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்ட் என்ற ஆங்கிலேயர், சின்னப் பையன்தானே என்று விரட்டவில்லை. பறவை மாதிரிகளை எடுத்துக் காட்டி, இது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று விளக்கினார், படிக்கப் புத்தகமும் கொடுத்தார். இந்தியாவின் பெரிய பறவையியலாளர் அன்று அந்த அறையில்தான் உருவாகத் தொடங்கினார்.

இரண்டிலும் எனக்குப் புரிந்தது ஒன்றே. பிள்ளைகள் கேள்வியோடுதான் வருகிறார்கள். அந்தக் கேள்வியைக் கொன்றுவிடாமல் இருப்பதுதான் பெரியவர்கள் வேலை. பெயர் பிறகு தானாக வந்து சேரும்.

சஸ்பென்ஸ் கணக்கு

இரண்டாம் நாள் காலையில் பழைய பேரேட்டு நோட்டு ஒன்றை எடுத்து, பக்கத்தை மூன்றாகப் பிரித்தேன். முதல் கட்டத்தில் கேள்வி, இரண்டாவதில் கேட்டவர், மூன்றாவதில் பதில். மூன்றாவது கட்டத்தை நான் நிரப்பக் கூடாது. பார்த்தவர்தான் நிரப்ப வேண்டும்.

வங்கியில் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக அதில் போட்டு வைப்போம். ஆடிட்டர் வந்தால் முதலில் அதைத்தான் புரட்டுவார். பதில் தெரியாத கேள்வியும் அப்படித்தான், தொலைந்துபோகக் கூடாது, யாராவது ஒருநாள் நேர் செய்ய வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். அவர்களுக்கு அந்தச் சொல் பிடித்துப் போயிற்று. "தாத்தா, இதை சஸ்பென்ஸ்ல போடுங்க" என்று ஓடி வருவார்கள்.

முதல் நாள் முடிவில் 'தெரியாது' என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்றாம் நாள் அது பழகிவிட்டது. 'தெரியல, வா பாக்கலாம்' என்பதைவிட நல்ல பாடம் முகாமில் வேறு இல்லை.

இரண்டு டப்பா, இரண்டு வண்டு

தட்டைப்பயறுச் செடியின் கொழுந்தில் கருப்பாக அசுவினி அப்பிக்கிடந்தது. பளபளவென்று ஒரு பொறிவண்டு அதில் மேய்ந்துகொண்டிருந்தது. நான் பெருமையாகச் சொன்னேன்: "பொறிவண்டு நம்ம நண்பன். இது செடியைத் தின்னாது, செடியைக் கெடுக்கற பூச்சியைத்தான் தின்னும்."

கால் மணி நேரம் கழித்து டவுனிலிருந்து வந்த ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி கத்திரி இலை ஒன்றைக் கொண்டு வந்தாள். இலையின் பச்சையமெல்லாம் சுரண்டப்பட்டு, நரம்பு மட்டும் சல்லடை மாதிரி நின்றது. மேலே ஒரு வண்டு. "தாத்தா, உங்க நண்பன் இலையைத் தின்னுட்டு இருக்கான்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கேள்வி பேரேட்டில் ஏறியது: 'பொறிவண்டு நண்பனா, எதிரியா?'

இரண்டு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தோம். மூடிக்குப் பதில் மெல்லிய துணி கட்டினோம். ஒன்றில் தட்டைப்பயறில் பிடித்த வண்டு, மற்றதில் கத்திரியில் பிடித்த வண்டு. இரண்டு டப்பாவிலும் அசுவினி உள்ள கொழுந்து ஒன்று, நல்ல கத்திரி இலை ஒன்று. இரண்டுக்கும் ஒரே சாப்பாடு, எது எதைத் தின்கிறது என்று பார்ப்போம். இந்த யோசனை என்னுடையது இல்லை. 'ரெண்டுக்கும் ரெண்டும் வெச்சாத்தானுங்க சரியா தெரியும்' என்று சொன்னவன் குழிநரிப் பையன்தான்.

மறுநாள் காலை முதல் டப்பாவில் அசுவினி பெருமளவு குறைந்திருந்தது, கத்திரி இலை முழுசாக இருந்தது. இரண்டாவதில் அசுவினி அப்படியே, இலை சல்லடை. பிறகுதான் பிள்ளைகள் வித்தியாசத்தைத் தேடினார்கள். அசுவினி தின்றது வழவழப்பாக மின்னியது, ஆறு புள்ளிதான். இலையைத் தின்றது கொஞ்சம் மங்கலான செம்புநிறம், மேலே நுண்ணிய ரோமம், புள்ளிகளை எண்ணினால் 28. அதுதான் கத்திரிக்காரர்கள் நன்றாக அறிந்த எபிலாக்னா வண்டு. பொறிவண்டுக் குடும்பத்திலேயே இலை தின்னப் பழகிய கிளை அது. அதன் புழு மஞ்சளாக, உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும். நன்மை செய்யும் பொறிவண்டின் புழு கருப்பில் ஆரஞ்சுத் திட்டோடு சின்ன முதலைக்குட்டி மாதிரி இருக்கும். இரண்டின் முட்டையும் மஞ்சள்தான், இரண்டும் இலையின் அடியில் கொத்தாக நிற்கும். அசுவினிக் கூட்டத்தின் பக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் நண்பனின் முட்டை.

பொறிவண்டு எல்லாம் நண்பன் என்று நான் சொன்னது அரைகுறைப் பாடம். அதைத் திருத்தியது பிள்ளைகளின் இரண்டு டப்பா.

நான் செய்த பிழை

மூன்றாம் நாள் சாயங்காலம் வட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் பையன் கேட்டான்: "தாத்தா, எங்கப்பா நேத்துத்தானுங்க கத்திரிக்கு மருந்து அடிச்சாரு. எங்க காட்டுல இருந்த நல்ல பொறிவண்டெல்லாம் என்னாகும்?"

நல்ல கேள்வி. பேரேட்டில் எழுத வேண்டிய கேள்வி. ஆனால் எனக்குள் இருந்த மேடைப் பேச்சாளர் எழுந்துவிட்டார். "அது மருந்து இல்லடா, விஷம். உங்கப்பா தினமும் நீ திங்கற சோத்துலயும் காய்லயும் விஷத்தைத் தெளிக்கறாரு" என்றேன். இன்னும் நாலு வாக்கியம் பேசினேன். தகவலில் தப்பு இல்லை என்று வைத்துக்கொண்டாலும், பேசிய இடம் தப்பு, ஆள் தப்பு. டவுன் பிள்ளைகள் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தன் மெதுவாக, "அய்யோ, இவங்க அப்பாவா?" என்றான். பையன் தலையைக் குனிந்து கால் விரலால் மண்ணைக் கீறினான்.

நாலாம் நாள் அவன் வரவில்லை.

காலை வகுப்பு முழுதும் என் கண் வேலிப் படலைப் பார்த்துக்கொண்டே இருந்தது. முகாமிலேயே கூர்மையான கண் அவனுக்குத்தான். இனிமேல் அவன் ஒரு பொறிவண்டைப் பார்த்தால் என்ன நினைவு வரும்? பத்துப் பேர் முன்னால் அப்பா தலைகுனிந்ததுதான் நினைவு வரும். பூச்சியைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி, பையனின் மனசில் நானே மருந்தடித்துவிட்டேன்.

உர பில்

அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அப்பாவுக்கு நாற்பது வயசு இருக்கும். கட்டுத்தரையில் மாட்டுக்குத் தட்டு போட்டுக்கொண்டிருந்தார். கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். மோர் வந்தது. நான் வந்த காரியத்தைச் சொன்னேன். பையன் முன்னால் அப்படிப் பேசியது தப்பு என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "சார், உங்களை எனக்குச் சின்னதுலருந்தே தெரியுமுங்க. எங்கப்பா உங்க பேங்குலதான் பயிர்க்கடன் வாங்குனாரு. பாதி பணம் கையில, மீதிக்கு உரக்கடைக்குச் சீட்டு. எங்க கட்டுத்தரைல குப்பை மலையாட்டம் கெடக்குது, உரம் வேண்டாமுங்க, பூராத்தையும் பணமாவே குடுங்கன்னு எங்கப்பா கேட்டாரு. உர பில் இல்லாம கடன் குடுக்க முடியாதுன்னு சொன்னீங்க. நான் பக்கத்துல நின்னுட்டு இருந்தனுங்க."

எனக்கு அந்த முகம் நினைவு இல்லை. ஆனால் அந்த வாக்கியம் நினைவு இருக்கிறது. 1990களில் நான் கிராமக் கிளையில் இருந்தபோது அதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. பயிர்க்கடனில் ஒரு பகுதி ரொக்கம், ஒரு பகுதி இடுபொருள் என்பது அன்றைய நடைமுறை. விதியைத்தான் பின்பற்றினேன், பில்லைச் சரிபார்த்தேன், கையெழுத்துப் போட்டேன். விதி என்னுடையது இல்லை. கையெழுத்து என்னுடையது.

அய்யா நம்மாழ்வாரும் அரசு ஆராய்ச்சி நிலையத்துக்குள் இருந்தவர்தான். 1960களிலேயே அது சரியில்லை என்று கோவில்பட்டி வேலையை விட்டுவிட்டு மக்களிடம் வந்தார். நான் பென்ஷன் வாங்கிய பிறகு இயற்கை வேளாண்மைக்கு வந்தவன். மாதாமாதம் கணக்கில் பணம் ஏறுகிறவனுக்கு ஒரு போகம் போனாலும் அடுப்பு எரியும். அந்தக் கத்திரியை நம்பிக் கடன் கட்டுகிறவரைப் பார்த்து, 'விஷம் தெளிக்கிறாய்' என்று அவர் பிள்ளையிடம் சொல்ல எனக்கு என்ன தகுதி?

"நாளைக்குப் பையனை அனுப்புங்க. அவன் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லலை" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மீதி மூன்று நாள்

ஐந்தாம் நாள் அவன் வந்தான். எல்லார் முன்னாலும், "அன்னைக்கு நான் பேசினது தப்பு. அவங்கப்பாவுக்குக் கடன் குடுக்கற இடத்துல இருந்து, உரம் வாங்கியே ஆகணும்னு சொன்ன ஆளுகள்ல நானும் ஒருத்தன்" என்றேன். சின்னப் பிள்ளைகளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியவில்லை. பையன் பேரேட்டைக் கேட்டு வாங்கி அவன் கேள்வியை அவனே எழுதினான்: 'மருந்து அடித்த காட்டில் நல்ல பொறிவண்டு என்ன ஆகும்?' பதில் கட்டம் காலி.

அன்று மண் பாடம். முன்பு போட்ட திட்டத்தில், எங்கள் தோட்டத்து மண்ணையும் பக்கத்துக் காட்டு மண்ணையும் ஒப்பிட்டுக் காட்டுவதாக இருந்தது. மாற்றிவிட்டேன். மூன்று கட்டியும் என் நிலத்திலேயே எடுத்தேன். ஒன்று, ஆறு வருஷமாக மூடாக்கு போட்ட வாழைத் தோட்டம். இரண்டு, கத்திரிப் பாத்தி. மூன்று, மூடாக்கே பார்க்காமல் வெயிலில் காய்ந்து, வருஷா வருஷம் நான் அதிகமாக உழுதுவிட்ட மேட்டுக்காடு. மூன்றையும் நிழலில் உலர்த்தி, மூன்று கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கம்பி வலை மேல் வைத்தோம். மேட்டுக்காட்டுக் கட்டி கண் முன்னால் கரைந்து சேறாகி இறங்கியது. வாழைத் தோட்டத்துக் கட்டி வெகுநேரம் அப்படியே நின்றது. வேரும் பூஞ்சை இழையும் நுண்ணுயிர்கள் விடும் பசையும் மண் துகள்களைக் கட்டி வைத்திருக்கின்றன. அந்தப் பசை இல்லாத மண், மழை விழுந்தால் இப்படித்தான் கரைந்து ஓடும்.

"தாத்தா, இது உங்க காடுதானே, ஏன் இப்படிக் கரையுது?" என்று கேட்டார்கள். "நான் சரியாப் பாத்துக்கலை" என்றேன். யாருடைய அப்பாவும் தலைகுனிய வேண்டியிருக்கவில்லை. பாடமும் குறையவில்லை.

ஆறாம் நாள் இரவு களத்தில் வெள்ளை வேட்டியைக் கயிற்றில் கட்டி, பின்னால் ஒரு பல்பைத் தொங்கவிட்டோம். ஏழரை மணிக்கு மேல் அந்துப்பூச்சிகள், வண்டுகள், பச்சை உடம்பும் கண்ணாடி இறக்கையுமாக ஒரு மெல்லிய பூச்சி எல்லாம் வந்து உட்கார்ந்தன. அந்தப் பச்சைப் பூச்சியின் புழுவும் அசுவினி தின்னி. பெற்றோர்களையும் அழைத்திருந்தோம். பையனின் அப்பா வந்து ஓரமாகப் பூவரச மரத்தடியில் நின்றார். பையன் அவர் கையைப் பிடித்து இழுத்துப் போய், டார்ச் அடித்து, தட்டைப்பயறு இலையின் அடியில் மஞ்சள் முட்டைக் கொத்தைக் காட்டினான். அவர் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். போகும்போது என்னிடம், "இதைப் பூச்சி முட்டைன்னு இத்தனை நாளா நசுக்கிட்டு இருந்தேனுங்க" என்றார். அவ்வளவுதான்.

மருந்து அடிப்பதை அவர் நிறுத்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். நிறுத்தவில்லை. ஆனால் பம்ப்பைத் தோளில் மாட்டும் முன் இப்போது இலையைத் திருப்பிப் பார்க்கிறாராம். சில வரிசைகளை விட்டுவிட்டு அடிக்கிறாராம், பையன் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதால். இதைச் சொன்னவன் பையன். வாரம் ஒருமுறை பேரேட்டுக்குக் கணக்கு கொண்டு வருகிறான். அடித்த வரிசையில் எத்தனை பொறிவண்டு, அடிக்காத வரிசையில் எத்தனை. பதில் கட்டம் மெல்ல நிரம்பிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் முகாம் நடத்துவதானால்

என் அனுபவத்தில் கண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நேரம்: கத்திரி வெயில் நாட்களில் காலை ஆறரை முதல் ஒன்பதரை வரை, மாலை நாலரை முதல் ஆறரை வரை போதும். நடுப்பகலில் நிழலில் கதை, படம் வரைதல், தூக்கம். மண்பானைத் தண்ணீரும் மோரும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

ஒரு நாளைக்கு ஒரு பொருள்: ஒரு நாள் எறும்பும் குழிநரியும், ஒரு நாள் மண், ஒரு நாள் ஒரே ஒரு மரம். ஒரு முழச் சதுரத்துக்கு நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டி, அதற்குள் இருக்கிற எல்லாவற்றையும் கால் மணி நேரம் பார்க்கச் சொல்லுங்கள். மூடாக்கின் மேல் ஒரு சதுரம், வெறும் தரையில் ஒரு சதுரம். இரண்டிலும் உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூடாக்கு ஏன் என்று பிறகு நாம் விளக்க வேண்டியதே இல்லை.

காது: விடிகாலையில் கண்ணை மூடிப் பத்து நிமிஷம் உட்கார வையுங்கள். தாளின் நடுவில் தன்னை ஒரு புள்ளியாக வைத்து, எந்தத் திசையில் என்ன சத்தம் கேட்டது என்று குறிக்கட்டும். செம்போத்து, மயில், கிணற்று மோட்டார், பஸ் ஹாரன் எல்லாம் வரும். வரட்டும். அதுவும் நம் சூழல்தான்.

பேரேடு: ஒரு நோட்டு, மூன்று கட்டம். தேர்வு வேண்டாம், பரிசு வேண்டாம். முகாம் முடிந்த பிறகும் நோட்டு தோட்டத்திலேயே இருக்கட்டும். பிள்ளைகள் திரும்பி வர அது ஒரு காரணம்.

பாதுகாப்பு: திறந்த கிணறு இருந்தால் வலையோ வேலியோ போடாமல் முகாமே வேண்டாம். ஐந்தாறு பிள்ளைக்கு ஒரு பெரியவர் கட்டாயம். கல்லையோ மட்டையையோ கையால் புரட்டக் கூடாது, குச்சியால் தன் பக்கம் வராதபடி புரட்ட வேண்டும். இரவில் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் நடக்கக் கூடாது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலும் நம் காடுகளில் உண்டு. எந்தப் பாம்பையும் தொடக் கூடாது, அடிக்கவும் கூடாது, தள்ளி நின்று பெரியவரைக் கூப்பிட வேண்டும். கடி பட்டால் கீறுவது, இறுக்கிக் கட்டுவது, வாய் வைத்து உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் 108க்குச் சொல்லி மருத்துவமனை போக வேண்டும். எந்த அரசு மருத்துவமனையில் நச்சுமுறிவு மருந்து இருக்கிறது என்று முகாமுக்கு முன்பே கேட்டு வையுங்கள். தேனீ, குளவி கொட்டினால் ஒவ்வாமை வரும் பிள்ளை யாராவது உண்டா என்றும் பெற்றோரிடம் கேளுங்கள். அக்கம்பக்கத்துக் காட்டில் மருந்து அடித்திருந்தால் பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. பிள்ளை நம் தோட்டத்தில் சில மணி நேரம்தான் இருக்கிறது. மற்ற நேரமெல்லாம் அதன் வீட்டில் இருக்கிறது. அந்த வீட்டைப் பழித்து நாம் எதை விதைத்தாலும் முளைக்காது. மருந்தடிக்கிற வீட்டுப் பிள்ளைதான் நமக்கு முதலில் வேண்டும். அந்தப் பிள்ளை கேள்வியோடு வீட்டுக்குப் போகட்டும், குற்றவாளியாகப் போக வேண்டாம்.

பாட்டிலில் விட்ட குழிநரிகளில் ஒன்று ஆனி மாதம் மண் உருண்டையாயிற்று. அதற்கு மேல் என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை. ஒருநாள் காலை உருண்டை உடைந்து கிடந்தது, பாட்டில் காலி. மூடியை ராத்திரி மூட மறந்தது யார் என்று கேட்டேன். பையன் சிரித்துக்கொண்டே பேரேட்டை எடுத்து எழுதினான்: 'பறந்து போச்சு. எங்கே? சஸ்பென்ஸ்.'